மலையில்லாத காட்டில் கமரா

காட்டுயிர்ப் படம் எடுக்கிறேன் என்று சொன்னால் பனிமலை, கூடாரம் என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் மலை ஏது? எங்களுக்கு உயரமான இடம் குளக்கட்டுதான். ஏறி நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், அதற்கப்பால் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காடு.

அதற்குள் நினைத்த இடத்தில் கால் வைக்க முடியாது. 2009இல் போர் முடிந்தும் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் எந்தப் பறவை வந்து குந்தினாலும் அது எனக்குரியதல்ல. பலகை இல்லாத இடத்திலும், தேனுக்கும் விறகுக்கும் போய்வருகிறவர்களைக் கேட்டுவிட்டு அவர்களுடைய தடத்திலேதான் நடப்பேன்.

வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும். சின்ன மஞ்சள் பழம், நல்ல இனிப்பு, தின்றால் உதடெல்லாம் பால் ஒட்டும். கரடி இதற்காக மரமே ஏறும். பட்டையில் நகக்கீறல் புதிதாகத் தெரிந்தால் அந்த மரத்தடியில் நான் நிற்பதில்லை. யானை காதை விரித்து ஒரு எச்சரிக்கையாவது தரும். திடுக்கிட்ட கரடி நேரே முகத்துக்குத்தான் வரும். பழம் பொறுக்கப் போகிறவர்கள் ஆளையாள் கூப்பிட்டுச் சத்தம் போட்டபடி போவது அதனால்தான். நான் சத்தம் போட்டால் படம் இல்லை. ஆகவே தூரத்தில் நின்று பெரிய லென்ஸால் எடுக்க வேண்டும். அதுவும் காலையிலேயே. வெயில் ஏறிக் கானல் எழும்பினால் எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய லென்ஸிலும் படம் கலங்கித்தான் வரும்.

மாரியில் எல்லோரும் மன்னார்ப் பக்கம், வங்காலைக்குப் பூநாரை எடுக்க ஓடுவார்கள். 2010இல் ராம்சார் என்கிற, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த இடம். பறக்கிற படம் வேண்டுமென்று கூட்டத்தைக் கலைத்து எழுப்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தீனி தின்ன வந்த பறவையை ஏன் துரத்துவான்?

யானை விஷயம் வேறு. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு தை மாதம், கதிர் முற்றின வயலோரக் காவற்கொட்டிலில் ஒரு ஐயாவோடு இருந்தேன். நிலவு வெளிச்சத்தில் இரண்டு யானைகள் வயலுக்குள் இறங்கின. அவர் யானையை விரட்டக் கொளுத்துகிற யானை வெடியைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, கெதியா எடுங்கோ, நான் கொளுத்தப்போறன். விடிய நில்லுங்கோ, வயலையும் எடுத்துத் தாங்கோ.”

விடிந்ததும் எடுத்தேன். மிதிபட்டுச் சேற்றோடு கிடந்த கதிர், சாய்ந்த வேலிக்கட்டை, வரம்பில் ஒரு காற்தடம். அழகு பார்க்க அதில் ஒன்றும் இல்லை. நட்டஈட்டு விண்ணப்பத்தோடு அவர் அதைத்தான் கொண்டுபோனார். ஆதாரம் போதாது என்று அதற்குமுன் ஒரு அலுவலகம் அவரைத் திருப்பி அனுப்பியிருந்ததாம்.

இப்போது யானைப் படங்களை வெளியில் போடும்போது இடத் தகவலை அழித்துவிடுகிறேன். சுடுகிறவனும் படம் பார்ப்பான். வயல் படங்களைக் கொடுக்கும்போது மட்டும் திகதி, நேரம், இடம் மூன்றையும் அப்படியே விட்டுக் கொடுக்கிறேன்.