தலையசைவைக் கழித்த பிறகு மிஞ்சிய இணைப்புகள்

மனச்சிதைவு நோயின் வேர் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்புக் குலைவில் இருக்கலாம் என்று மூளை ஆய்வாளர்கள் கார்ல் ஃபிரிஸ்டனும் கிறிஸ் ஃபிரித்தும் 1995இல் எழுதினார்கள். முதுநிலை ஆய்வேட்டுக்காக அந்தக் கருத்தை ஏற்கெனவே எடுக்கப்பட்ட ஸ்கேன்களில் சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் துறையில் எம்.ஆர்.ஐ. கருவி கிடையாது, நோயாளிகளை அணுகி, ஒப்புதல் பெற்று, புதிதாக ஸ்கேன் எடுக்கக் காலமும் இல்லை, பணமும் இல்லை. இதே நிலையில் இருக்கும் மாணவர்கள் பலர் என்பதால், போன வழியை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது, அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரில் திரட்டப்பட்ட கோப்ரே தரவுத்தொகுப்பு. 18 முதல் 65 வயது வரையிலான 72 மனச்சிதைவு நோயாளிகளும், நோயில்லாத 75 பேரும் அதில் உள்ளனர். பெயர் இராது, எண், வயது, பாலினம், நோயறிதல் போன்ற விவரங்களே இருக்கும். பதிவு செய்து, விதிமுறைகளை ஏற்றுக்கொண்டால் இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் எந்த வேலையும் செய்யாமல் கருவிக்குள் படுத்திருந்த ஐந்து நிமிடங்களில், 2 நொடிக்கு ஒன்று வீதம் முழு மூளையும் 150 முறை படமெடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பகுதிகளின் ரத்த ஆக்சிஜன் சார்ந்த சமிக்ஞை சேர்ந்தே ஏறி இறங்கினால் அவற்றுக்கிடையே செயல்பாட்டு இணைப்பு இருப்பதாகக் கொள்கிறார்கள். கணக்கில் அது ஓர் ஒட்டுறவுக் கெழு (இரண்டு சமிக்ஞைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லும் எண்), அவ்வளவுதான். இணைப்பை இன்னொரு வகையிலும், அதாவது பகுதிகளை உடலமைப்பில் இணைக்கும் நரம்பிழைகளிலும் பார்க்கலாம். அவற்றைப் பொறுத்தவரை, 2018இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்த எனிக்மா கூட்டமைப்பு 4,322 பேரின் ஸ்கேன்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, மூளையில் இந்த இழைகள் நிறைந்த வெண்பொருளில் பார்த்த 25 இடங்களுள் 20இல் இழைகளின் சீர்மையைக் காட்டும் அளவு நோயாளிகளிடம் குறைந்திருப்பதை நிறுவிவிட்டது. அதற்கு மேல் தனியொரு மாணவர் அங்கே சேர்க்க என்ன இருக்கிறது என்று எண்ணியே செயல்பாட்டு இணைப்பின் பக்கம் வந்தேன்.

மூளையின் வெளியடுக்கான புறணியை 200 பகுதிகளாகப் பிரிக்கும் ஷேஃபர் வரைபடத்தைப் பயன்படுத்தினேன். அது புறணிக்கு மட்டுமேயான வரைபடம் என்பதால், மூளையின் ஆழத்தில் இருந்து புறணிக்குச் செய்திகளைக் கடத்தும் தாலமஸை வேறொரு வரைபடத்திலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. புறணிக்குள் மட்டும் 19,900 இணைகள் உருவாகின்றன. தற்செயலாக வேறுபாடு தோன்றும் வாய்ப்பை 5 விழுக்காடு வரை அனுமதிக்கும் வழக்கமான அளவுகோலை அப்படியே வைத்தால், இரு குழுக்களும் ஒன்றுபோலவே இருந்தாலும் ஏறத்தாழ ஆயிரம் இணைகள் வேறுபட்டவையாகத் தோன்றிவிடும். அதற்குரிய திருத்தத்தைச் செய்த பிறகும் முதல் சுற்றில், இரு குழுக்களிடையே வேறுபடும் இணைகளைக் குறிக்கும் கோடுகள் படத்தில் ஏராளமாக மிஞ்சின. நெற்றிப்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையிலான தொலைதூர இணைப்புகள் தளர்ந்திருந்தன, அண்டைப் பகுதிகளுக்கு இடையிலானவை இறுகியிருந்தன. இணைப்புக் குலைவு என்ற கருத்துக்காகவே வரைந்தது போன்ற படம்.

நெறியாளர் அதைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. தலை எவ்வளவு ஆடியிருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் பேசுவோம்” என்றார். 2012இல் பவர், வான் டைக், சாட்டர்த்வெய்ட் ஆகிய ஆய்வாளர்களின் குழுக்கள் தனித்தனியே எச்சரித்த விஷயம் அது. ஸ்கேனின்போது தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே தொலைதூர இணைப்புகள் தளர்ந்தவை போலவும் அருகிலுள்ளவை இறுகியவை போலவும் கணக்கில் வந்துவிடும். மனச்சிதைவு நோயாளிகள் கருவிக்குள் சராசரியாகக் கூடுதலாகவே அசைகிறார்கள். எனவே நோயின் தடயமென்று நாம் தேடும் அதே உருவத்தை, நோயோடு தொடர்பில்லாத அசைவே வரைந்து கொடுத்துவிடக்கூடும்.

ஒவ்வொருவரின் படங்களையும் வரிசையாக ஓடவிட்டுப் பார்த்தேன். இந்த வேலையை எந்த மென்பொருளிடமும் ஒப்படைத்துவிடக் கூடாது என்பது என் கருத்து. ஒருவருடைய ஸ்கேனில் முதல் மூன்று நிமிடம் எதுவும் அசையவில்லை. பிறகு முகவாய் சிறிது சிறிதாக நெஞ்சை நோக்கி இறங்கி, சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பியது. கண்ணயர்ந்திருப்பார் போலும். அசைவு வரைபடத்தில் மூன்று நகர்வுகளையும் மூன்று சுழற்சிகளையும் காட்டும் ஆறு கோடுகளும் அதே நொடியில் ஒன்றாகத் துள்ளின. சுழற்சிகளை 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் மேல் நிகழும் நகர்வாக மாற்றி, ஆறையும் கூட்டி, அடுத்தடுத்த படங்களுக்கு இடையே 0.5 மில்லிமீட்டரைத் தாண்டும் படங்களை நீக்கினேன். 150 படங்களே இருக்கும் ஸ்கேனில் இப்படி வெட்டினால், சிலரிடம் கணக்கிடத் தக்க அளவு எதுவும் மிஞ்சுவதில்லை. அவர்களைக் கைவிட்டால் மிக அமைதியற்ற நோயாளிகள் ஆய்விலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். அப்புறம் நாம் ஒப்பிடுவது அசையாமல் படுத்திருக்க முடிந்த நோயாளிகளை மட்டுமே. இதற்குச் சரியான விடை கிடையாது. ஆகவே சராசரி அசைவை ஒரு மாறியாகச் சேர்த்து எல்லோரையும் வைத்து ஒரு கணக்கும், வெட்டியபின் எஞ்சியவர்களை மட்டும் வைத்து இன்னொரு கணக்குமாக இரண்டையும் கொடுத்தேன்.

முதல் சுற்றில் வந்த கோடுகளில் பெரும்பாலானவை மறைந்தன. இரண்டு கணக்குகளிலும் நிலைத்து நின்றது தாலமஸ். நோயாளிகளிடம் முன்நெற்றிப் புறணியோடு அதன் இணைப்பு குறைந்திருந்தது. உடல் உணர்வையும் இயக்கத்தையும் கவனிக்கும் பகுதிகளோடு கூடியிருந்தது. ஆய்வாளர் நீல் வுட்வர்டின் குழு 2012இல் கண்டதும் இதே இருதிசை மாற்றத்தைத்தான். ஒரே பகுதியிலிருந்து கிளம்பும் இணைப்புகளில் ஒன்று தளர்ந்து மற்றொன்று இறுகுவதை, அசைவை மட்டும் காரணம் காட்டி விளக்குவது கடினம். ஆயினும் ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாகக் குறித்துப் பார்த்தால் இரு குழுக்களின் புள்ளிகளும் பெரிதும் கலந்தே கிடந்தன; ஒரு புள்ளியைச் சுட்டி அவர் நோயாளியா என்று சொல்ல இயலாது.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் மருந்தைப் பற்றிக் கேட்டார். நோயாளிகளில் பெரும்பாலோர் மருந்து எடுத்துவருபவர்கள்; நோயின் விளைவையும் மருந்தின் விளைவையும் என் கணக்கால் பிரிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டேன். நோய் முழுமையாக வெளிப்படும் முன்பே அபாய நிலையில் இருந்தவர்களிடம் வட அமெரிக்காவில் செய்து 2015இல் வெளியான ஆய்வைக் குறிப்பிட்டேன். பின்னாளில் நோய் வந்தவர்களிடம் தாலமஸ் சார்ந்த இதே போக்கு அப்போதே தூக்கலாக இருந்தது. அதைப் பாதி விடையாக ஏற்றுக்கொண்ட அவர், பின்னிணைப்பில் இருந்த அசைவு அட்டவணையை முடிவுகள் அத்தியாயத்தின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். அந்தத் திருத்தத்தோடு ஆய்வேடு ஏற்கப்பட்டது.