ரத்தப் புற்று முடிந்து 14 வருஷம் கழித்து எடுத்த மூச்சுச் சோதனை

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) தேவிகுளம் ரோட்டுக்குப் போகும் வழியில், கொழுந்து நிறுக்கும் கொட்டகை வரை ஒரே ஏற்றம். அம்மா கூடையோடு ஒரே மூச்சில் ஏறிவிடுவார். 23 வயதில் நான் மூன்று இடத்தில் நின்றுதான் ஏறினேன்.

ஆறு வயதில் எனக்கு லுக்கீமியா, அதாவது ரத்தப் புற்று. திருவனந்தபுரத்தில் இரண்டரை வருஷம் சிகிச்சை. பிழைத்து வந்த பிள்ளையை வீட்டில் ஓடவே விடவில்லை. “மூச்சு வாங்குதா பாப்பா? உட்காரு” என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். பள்ளியிலும் பி.டி. வகுப்பு என்றால் எனக்கு மரத்தடிதான்.

போன வருஷம் மூச்சிரைப்பு கூடியது. முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை கொடுத்து, உடம்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சின்ன வயதில் என்னென்ன மருந்து ஏறியது என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்னும் எனக்கு அந்த வருத்தம் உண்டு. போடியில் நர்ஸாக இருக்கும் சித்திதான் சொன்னார்: “நோய் திரும்புதான்னு பார்க்கிறது ஒண்ணு. மருந்து உடம்புல என்ன விட்டுட்டுப் போச்சுன்னு பார்க்கிறது வேற. நீ ரெண்டாவதுக்குப் போ.”

போனேன். டாக்டர் முதலில் கேட்டது பழைய ஃபைலை. நல்லவேளை, அம்மா டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தார். ஓரமெல்லாம் மஞ்சளாகி, கற்பூர வாசனை அடித்தது. டாக்டர் ஒவ்வொரு தாளாகத் திருப்பி, சிவப்பு மருந்து ஏற்றிய நாட்களைப் பென்சிலால் வட்டமிட்டார். டானோரூபிசின் நான்கு முறை, டாக்ஸோரூபிசின் நான்கு முறை. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 30 மில்லிகிராம் வீதம், மொத்தம் 240. இந்த மருந்துகள் இதயத் தசையை வருஷங்கள் கழித்தும் பலவீனமாக்கலாம். 250-ஐத் தொட்டால் ஆபத்து அதிகமுள்ள பிரிவு. நான் அதற்குச் சற்றே கீழே இருந்ததால், ஐந்து வருஷத்துக்கு ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) போதும் என்றார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஃபைல் இருந்தால் இன்றைக்கே நகலெடுத்து வையுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் என் கணக்கைப் போட்டிருக்கவே முடியாது.

எக்கோ நன்றாகவே இருந்தது. அப்படியானால் ஏன் இரைக்கிறது? அதற்குத்தான் சைக்கிள் சோதனை. நெஞ்சில் ஈசிஜி ஒட்டு, கையில் பிரஷர் பட்டை, மூக்கையும் வாயையும் இறுக்கி மூடிய மாஸ்க். நிமிஷத்துக்கு நிமிஷம் பெடல் கனத்துக்கொண்டே போனது. பேச முடியாததால், எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதை அட்டையில் எண்ணைத் தொட்டுக் காட்ட வேண்டும். “இனி குறச்சு கூடி, மோளே” (இன்னும் கொஞ்சம்தான், மகளே) என்றார் பக்கத்தில் நின்ற சேச்சி. வாழ்க்கையில் முதல் தடவையாக, மூச்சு வாங்கும்போது என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நெஞ்சு அடைக்கும் என்று பயந்திருந்தேன். எட்டாவது நிமிஷத்தில் தொடைதான் கைவிட்டது.

உடம்பு உச்சத்தில் பயன்படுத்திய ஆக்சிஜன், ஒரு கிலோ எடைக்கு நிமிஷத்துக்கு 21 மில்லி. என் வயதுக்குக் குறைவு. இதயம் ரத்தத்தை அனுப்பினாலும், அதிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்து எரிக்கத் தசை வேண்டுமே என்றார் டாக்டர். அன்று எனக்குக் கொடுத்த மருந்துகளில் ஸ்டீராய்டு தசையைக் கரைக்கும், வின்கிரிஸ்டின் பாத நரம்பை மந்தமாக்கும். படிக்கட்டில் என் செருப்பு அடிக்கடி நழுவுவதற்குக் காரணம் அன்றுதான் புரிந்தது. தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சும் ஹார்மோனையும் எடையையும் பாதிக்கக்கூடியது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனையில் (HbA1c) 6.0 சதவீதம், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். இதற்கெல்லாம் மேல், நான் உட்கார்ந்தே வளர்ந்தவள்.

அம்மாவுக்காக டாக்டர் ஓர் ஆய்வையும் சொன்னார். 2018-இல் வெளிவந்தது. சிறுவயதுப் புற்றிலிருந்து மீண்ட 15,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், எட்டு வருஷத்தில் உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டவர்களிடம், குறைவாகவே செய்துவந்தவர்களைவிட இறப்பு விகிதம் 40 சதவீதம் குறைவாக இருந்ததாம். பயிற்சி மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் சேர்த்துத்தான் சொன்னார். அம்மா திரும்பி வரும் பஸ்ஸில் அடிமாலி வரை பேசவே இல்லை.

அப்புறம் என்ன, நடைதான். முதலில் சமதளத்தில் பத்து நிமிஷம், பேச முடிகிற, பாட முடியாத வேகத்தில். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதும், குதிகாலைத் தூக்கி இறக்குவதும். நான்காவது மாதம்தான் வாரத்துக்கு 150 நிமிஷத்தை எட்டினேன். ஆறு மாதத்தில் 21 என்பது 24 ஆனது.

இப்போது அந்த ஏற்றத்தில் ஒரே இடத்தில்தான் நிற்கிறேன், சில்வர் ஓக் மரத்தடியில். பின்னால் வரும் அம்மா, ‘உட்காரு’ என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, “எத்தனை நிமிஷமாச்சு?” என்கிறார்.