வாக்குப்பெட்டிக்கு இரண்டு பூட்டு: பிரெஞ்சுச் சட்டத்தொகுப்புகளைப் பற்றி

பிரெஞ்சுச் சட்டம் என்றதும் நம்மில் பலருக்கு நெப்போலியன் காலத்தில், 1804-இல் வெளியான உரிமையியல் சட்டத்தொகுப்புதான் நினைவுக்கு வருகிறது. புதுச்சேரியில் 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்த குடும்பங்கள் அந்தச் சட்டத்தொகுப்பின் கீழ் வந்ததால், நமக்கும் அதற்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஆனால் இன்றைய பிரான்சில் நடைமுறையில் உள்ள சட்டத்தொகுப்புகள் 70-க்கும் அதிகம். கல்வி, பொதுச் சுகாதாரம், சாலைப் போக்குவரத்து, சுற்றுச்சூழல், தொழிலாளர், தேர்தல் என ஒவ்வொரு துறைக்கும் தனித்தனித் தொகுப்பு இருக்கிறது. அவற்றுள் நான் மிகவும் மதிப்பது தேர்தல் சட்டத்தொகுப்பு.

அதன் எல். 63 ஆம் பிரிவைப் பாருங்கள். வாக்குப்பெட்டி உள்ளே இருப்பது தெரியும்படி இருக்க வேண்டும். உறையைப் போடுவதற்கு ஒரே ஒரு திறப்புதான் இருக்கலாம். வாக்குப்பதிவு தொடங்கும் முன் ஒன்றுக்கொன்று வேறுபட்ட இரண்டு பூட்டுகளால் அது பூட்டப்பட வேண்டும். ஒரு சாவி வாக்குச்சாவடித் தலைவரிடமும், மற்றொன்று சாவடி உறுப்பினர்களுள் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரிடமும் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய பிரிவின்படி, வாக்காளர் மறைவிடத்துக்குத் தனியாகச் சென்று சீட்டை உறையிலிட்டு வந்து, தம் கையில் ஓர் உறைதான் உள்ளது என்பதைத் தலைவருக்குக் காட்டுகிறார். தலைவர் அந்த உறையைத் தொடாமலே அதை உறுதிசெய்ய வேண்டும். பெட்டியில் போடுவது வாக்காளரின் கைதான். எண்ணிக்கையை நடத்துவோரும் அங்கு வந்திருக்கும் வாக்காளர்களிலிருந்து அமர்த்தப்படுகிறவர்களே. மேசைக்குக் குறைந்தது நால்வர். ஒருவர் உறையிலிருந்து சீட்டை எடுத்து விரித்துக் கொடுக்க, அடுத்தவர் உரக்கப் படிக்க, குறைந்தது இருவர் தனித்தனித் தாளில் குறித்துக்கொள்கிறார்கள். மற்ற வாக்காளர்கள் சுற்றி நடந்து பார்க்க வசதியாக அந்த மேசைகளைப் போட வேண்டும் என்பதுகூட ஆர். 63 ஆம் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. தேர்தல் நேர்மையாக நடக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகராமல், யார் எதைத் தொடலாம், யார் எங்கே நிற்கலாம் என்பது வரை சட்டம் இறங்கி வந்திருப்பதால்தான், எந்தக் கட்சியையும் சாராத ஒரு சாதாரண வாக்காளராலும் தவறு நடந்தால் அதே இடத்தில் சுட்டிக்காட்ட முடிகிறது.

பிரிவு எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்தையும் கவனிக்க வேண்டும். 'எல்' என்றால் அது நாடாளுமன்றச் சட்டம் என்ற நிலையில் உள்ள விதி. 'ஆர்' என்றால் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமும் அரசின் சட்ட ஆலோசனை அமைப்புமான கொன்செய் தெத்தாவின் கருத்தைக் கேட்டபின் அரசு பிறப்பித்த ஆணை. 'டி' என்றால் சாதாரண அரசாணை. எவை நாடாளுமன்றத்துக்கு உரியவை, எவை அரசின் ஆணைக்கு உரியவை என்பதை 1958 அரசியலமைப்பின் 34, 37 ஆம் பிரிவுகள் பிரித்துக் காட்டுகின்றன. தொழிலாளர் சட்டத்தொகுப்பில் வாரத்துக்கு 35 மணி நேரம் என்ற சட்டபூர்வ வேலை நேரம் எல். 3121-27 இல் இருப்பதால், நாடாளுமன்றத்தின் அனுமதியின்றி எந்த அரசும் அதில் கை வைக்க முடியாது. பணியிடத்தில் திராட்சை மது, பியர், ஆப்பிள் மது, பேரிக்காய் மது ஆகிய நான்கைத் தவிர வேறு மதுவுக்கு இடமில்லை என்ற விதியோ ஆர். 4228-20 இல் இருக்கிறது. அதனால்தான், பாதுகாப்புக்கும் உடல்நலத்துக்கும் தேவையானால் நிறுவனமே அந்த நான்கையும் கட்டுப்படுத்தலாம் அல்லது தடைசெய்யலாம் என்ற திருத்தத்தை 2014-இல் ஓர் ஆணையின் மூலமே கொண்டுவர முடிந்தது. ஒரு விதி பிடிக்கவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது என்பதை அந்த ஓர் எழுத்தே சொல்லிவிடுகிறது என்பதால், இந்த ஏற்பாடு ஜனநாயகத்துக்கு மிகவும் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

சிதறிக் கிடந்த சட்டங்களை, உள்ளடக்கத்தை மாற்றாமல் துறைவாரியாகத் திரட்டும் பணிக்கென்று 1989-இல் ஓர் உயர்நிலை ஆணையம் அமைக்கப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, ஒன்பது சட்டத்தொகுப்புகளை அவசரச் சட்ட வழியில் கொண்டுவர அரசுக்கு நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தபோது, அதை ஏற்ற அரசியலமைப்பு மன்றம், சட்டம் மக்களுக்கு எட்டக்கூடியதாகவும் புரியக்கூடியதாகவும் இருப்பது அரசியலமைப்பு மதிப்புள்ள ஒரு குறிக்கோள் என்று 1999 டிசம்பர் 16 அன்று தீர்ப்பளித்தது. தனக்குப் பொருந்தும் விதிகளைப் போதிய அளவு அறிய முடியாத குடிமகனுக்குச் சட்டத்தின் முன் சமத்துவம் என்பது பயன்படாது என்ற அதன் வாதத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

நடைமுறையில் இந்தக் குறிக்கோள் முழுமையாக நிறைவேறிவிடவில்லை. தொழிலாளர் சட்டத்தொகுப்பு 2008-இல் மறுசீரமைக்கப்பட்டபோது பிரிவு எண்கள் மாறின. உரிமையியல் சட்டத்தொகுப்பில், பிறருக்குத் தன் தவறால் தீங்கு விளைவித்தவர் ஈடுசெய்ய வேண்டும் என்ற, 1804 முதல் 1382 என்ற எண்ணில் சட்ட மாணவர்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்த பிரிவு, 2016 அக்டோபர் 1 முதல் 1240 ஆகிவிட்டது. அதே நாளில் ஒப்பந்தச் சட்டமும் மாறியது. ஆனால் அந்த நாளுக்கு முன் செய்யப்பட்ட ஒப்பந்தங்களுக்குப் பழைய விதிகளே பொருந்தும். ஆகவே அரசின் இலவச இணையதளமான லெஜிஃப்ரான்ஸில் ஒரு பிரிவைத் தேடுபவர், அதற்கான தேதியையும் மறக்காமல் குறிப்பிட்டு, அன்று நடைமுறையில் இருந்த வாசகத்தைத்தான் படிக்க வேண்டும்.