ஃபெய் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

ஸெனோகியர்ஸ் என்ற வீடியோ விளையாட்டை இரண்டாவது முறையாக முடித்து நான்கு நாள் ஆகிறது. முதல் முறை முடித்தபோது இதற்கு மேல் ஒரு ஆர்பிஜி (பாத்திரங்களை வளர்த்துக்கொண்டே ஒரு நீளக் கதையில் போகும் விளையாட்டு வகை) கிடையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அவ்வளவு சத்தமாகச் சொல்ல மாட்டேன். பிடிக்காமல் போய்விட்டது என்றில்லை. எங்கெங்கே பல்லைக் கடித்துக்கொண்டு விளையாடினேன் என்பது இந்த முறை நன்றாக நினைவில் நிற்கிறது.

தெரியாதவர்களுக்காக: 1998ல் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் முதல் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த விளையாட்டு இது. இரண்டு டிஸ்க். இயக்கியவர் டெட்சுயா டகாஹாஷி. கதையை அவரும் அவர் மனைவியும் சேர்ந்து எழுதினார்கள். முதலில் அதே நிறுவனத்தின் இன்னொரு ஆர்பிஜியான ஃபைனல் ஃபேண்டஸி 7க்கான யோசனையாகத்தான் இதை முன்வைத்தார்களாம். ரொம்ப இருட்டாகவும் சிக்கலாகவும் இருக்கிறது என்று அங்கே எடுபடவில்லை, தனி விளையாட்டாக வளர்ந்தது. தொடக்கத்தில் ஒரு விண்கலத்தை அதன் கேப்டனே வெடிக்க வைக்கிறார். அது முடிந்த கையோடு பல ஆயிரம் வருடம் தாண்டி, லஹான் என்ற சின்னக் கிராமத்தில் ஃபெய் என்ற பையன் படம் வரைந்துகொண்டிருக்கிறான். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பது புரிய எனக்கு நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆனது. (இனி கதையின் சில இடங்களைத் தொட்டுத்தான் பேசப்போகிறேன்.)

இந்த விளையாட்டின் ஆகச் சிறந்த ஒரு மணி நேரம் எது என்றால் லஹானைத்தான் சொல்வேன். அங்கே பெரிதாக எதுவும் நடக்காது. மறுநாள் ஃபெய்யின் நண்பர்கள் டிமோதிக்கும் ஆலிஸுக்கும் கல்யாணம். மாடிக்குப் போனால் ஆலிஸ் கல்யாண உடுப்போடு நிற்கிறாள். பிறகு மலைமேல் இருக்கும் மருத்துவர் சிட்டானிடம் கேமரா இரவல் வாங்கப் போக வேண்டும். அந்தக் காலத்தில் பல விளையாட்டுகள் பின்னணியைத் தட்டையான படமாக வைத்து மேலே முப்பரிமாணப் பொம்மைகளை நடக்கவிட்டன. இவர்கள் தலைகீழாகச் செய்தார்கள்: ஊர் முப்பரிமாணம், ஆட்கள் தட்டை. கேமராவைச் சுற்றலாம், ஃபெய்யால் குதிக்கவும் முடியும். அதனால் நான் வீட்டுக் கூரைகளில் எல்லாம் ஏறிப் பார்த்தேன். வேலையற்ற வேலைதான்.

அன்று இரவு அந்த ஊர் இருக்காது. கியர் என்ற ராட்சத இயந்திரங்கள் வந்து இறங்குகின்றன. ஃபெய் ஒன்றில் ஏறுகிறான், தன்னிலை இழக்கிறான், ஊர் அவன் கையாலேயே அழிகிறது. எந்தக் கூரை யாருடையது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அது வலித்தது.

இதன் தொடர்ச்சி வெகுதூரம் தள்ளி, ஒரு சண்டைப் போட்டியில் வருகிறது. எதிரே வந்து நிற்பவன் டான், ஆலிஸின் தம்பி. சின்னப் பையன். அக்காவைக் கொன்றவன் என்று ஃபெய்யை அடிக்கிறான். அந்த அடி ஒன்றும் பெரிதாக உறைக்காது. முதல் முறை இதுவும் இன்னொரு சண்டை என்று நினைத்து ஒரு குத்து விட்டுவிட்டேன், சீ என்றாகிவிட்டது. இந்த முறை திருப்பி அடிக்காமல் தற்காப்பிலேயே நின்றேன். கடைசியில் அக்காவின் கல்யாண உடுப்பை அவன் ஃபெய்யிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். சண்டைக்கான பட்டன்களை வைத்தே இப்படி ஒரு காட்சியை எழுத முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

சண்டை முறையைப் பற்றிக் கொஞ்சம். தரையில் நின்று சண்டை போடும்போது முக்கோணம், சதுரம், பெருக்கல்குறி என மூன்று பட்டன், மூன்று பலம். சரியான வரிசையில் தட்டித் தட்டிப் பழகினால் புது அடிகள் கைவரும். ஆனால் கதை நகர நகர முக்கியமான சண்டைகள் எல்லாம் கியருக்குள் போய்விடுகின்றன. அங்கே கணக்கே வேறு. ஒவ்வொரு அடிக்கும் எரிபொருள் செலவாகும். பூஸ்டரைப் போட்டால் வேகம் கூடும், அதுவும் எரிபொருளைத்தான் குடிக்கும். இப்போது அடிப்பதா, அடுத்த சுற்றுக்கு மிச்சம் பிடிப்பதா என்று நிஜமாகவே யோசிக்க வைக்கிறது. ஒரு குறை: கியரின் பலம் பெரும்பாலும் கடையில் வாங்கும் எஞ்சினிலும் கவசத்திலும் இருக்கிறது. மணிக்கணக்கில் நான் வளர்த்த ஆட்கள் அதற்குள் வெறும் டிரைவர்கள்.

அப்புறம் பாபேல் கோபுரம். இதை விளையாடியவர்கள் இந்தப் பெயரைக் கேட்டாலே பெருமூச்சு விடுவார்கள். இடிந்த கோபுரத்துக்குள் ஒரு விளிம்பிலிருந்து இன்னொரு விளிம்புக்குத் தாவித் தாவி ஏற வேண்டும். தாவும் பட்டனை அழுத்திய அதே நொடியில் திடீர்ச் சண்டை ஒன்று வந்து குறுக்கே விழும். அதை முடித்துத் திரும்பினால் தாவல் காணாமல் போயிருக்கும், ஃபெய் நேராகக் கீழே. மறுபடி முதலிலிருந்து. முதல் முறை நான் இங்கேதான் மூன்று மாதம் விளையாட்டை மூடி வைத்தேன். லஹானில் எனக்குக் கூரை ஏறச் சொல்லிக்கொடுத்த அதே கால்கள்தான் இங்கே என்னைக் கழுத்தறுத்தன. போதாததற்கு உரையாடல் எழுத்துகள் ஊர்ந்துதான் வரும், விரைவுபடுத்த வழியே கிடையாது. யசுனோரி மிட்சுடாவின் இசையில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் இவ்வளவு நீளக் கதைக்கு அத்தனை மெட்டுகள் போதவில்லை. ஒரே சோக மெட்டு எத்தனை சாவுக்குத்தான் வாசிக்கும்?

சரி, இரண்டாவது டிஸ்க். போட்டதும் இருட்டில் ஒரு நாற்காலி. அதில் ஃபெய் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் ஒரு பதக்கம் ஊசலாடுகிறது. நடந்ததையெல்லாம் அவனே வாயால் சொல்கிறான். நடுநடுவே ஒரு சண்டை வரும், ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் இடம் ஒன்று வரும், பிறகு மறுபடி நாற்காலி. இந்த முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தங்கை, "அண்ணா, இவன் எப்ப எழுந்திருப்பான்?" என்று கேட்டாள்.

காரணத்தை டகாஹாஷியே பல வருடம் கழித்து ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். குழுவில் இளைஞர்கள் அதிகம், முப்பரிமாணம் எல்லோருக்கும் புதுசு, கொடுத்த காலத்துக்குள் முடிக்க முடியாது என்ற நிலை. முதல் டிஸ்கோடு நிறுத்திவிடலாம் என்ற பேச்சும் வந்திருக்கிறது. பாதியில் விடுவதைவிட இப்படியாவது முடித்துவிடுவோம் என்று இதைத் தேர்ந்தார்கள்.

பலரும் இந்த டிஸ்கை மொத்தமாகத் திட்டுவார்கள். நான் பாதிதான் திட்டுவேன். கதை ஃபெய்யின் மண்டைக்குள் நடக்கும் இடங்களில் அந்த நாற்காலி பொருந்துகிறது. தன்னையே துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருப்பவன் இருட்டில் உட்கார்ந்து பேசாமல் வேறு என்ன செய்வான்? ஆனால் வெளியே ஊர்கள் அழிகின்றன, மனிதர்கள் உருமாறுகிறார்கள், அதுவும் நான்கு வரியில் போய்விடுகிறது. நான் நடக்காத தெரு, ஏறாத கூரை. அழிந்தது என்று எழுத்தில் படித்துவிட்டு அடுத்த பட்டனை அழுத்தினேன். லஹானைக் கட்டியவர்களுக்கு இதன் நஷ்டம் தெரியாமலா இருந்திருக்கும்?

துணைப் பாத்திரங்கள் நிலைமை இன்னும் மோசம். ரிக்கோவுக்கு அப்பா விஷயத்தில் ஒரு பெரிய முடிச்சைப் போட்டுவிட்டு, கூட்டத்தில் சேர்ந்த பிறகு அவனை ஏறக்குறைய மறந்தேவிட்டார்கள். இன்னொரு காட்சியில் நம் கியர்களைச் சிலுவைகளில் அறைந்து நிறுத்தியிருப்பார்கள். விளையாட்டின் மிகக் கனமான படிமங்களில் ஒன்று அது. அந்த வரிசையில் சூசூ என்ற இளஞ்சிவப்புப் பொம்மைப் பிராணியும் ஒரு சிலுவையில் தொங்குகிறது. நான் சிரித்துவிட்டேன். சிரிக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்களா என்று இன்னும் விளங்கவில்லை.

எல்லாம் முடிந்து, பெயர்ப் பட்டியல் ஓடி, கடைசியில் இது ஐந்தாம் பாகம் என்று திரையில் வந்தது.

"அப்ப முதல் நாலு எங்கே?" என்றாள் தங்கை.

வரவே இல்லை என்றேன். டகாஹாஷி ஸ்கொயரை விட்டு வெளியே வந்தார், 1999ல் மோனோலித் சாஃப்ட் என்ற புது நிறுவனம் தொடங்கியது, அங்கே ஸெனோசாகா என்ற விளையாட்டுத் தொடரை ஆறு பாகமாகத் திட்டமிட்டு மூன்றோடு நிறுத்தினார்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் அதற்குள் ஃபோனை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"