கிண்டியில் வேலை, சிட்லபாக்கத்தில் வீடு

பதவி உயர்வோடு சென்னைக்கு மாற்றல் ஆர்டர் வந்தது 2024 மார்ச் கடைசியில். அலுவலகம் கிண்டியில். கணவருக்குத் திருநெல்வேலியில் கடை, அதைச் சட்டென்று விட்டுவிட்டு வர முடியாது. ஆக, சென்னைக்குக் கிளம்ப வேண்டியது நான், அத்தை (கணவரின் அம்மா), ஆறாம் வகுப்புக்குப் போகும் மகன், ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய மகள். கணவர் வார இறுதிகளில் வந்து போவார். இப்படி ஒரு குடும்பத்துக்கு எந்த ஏரியா சரிப்படும் என்று தேடிய கதை இது.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அலுவலகத்தில் வேளச்சேரி என்றார்கள், உறவில் மேற்கு மாம்பலம் என்றார்கள். கணவரின் நண்பர் ஒருவர் ஓ.எம்.ஆர். என்னும் பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூர் பக்கம் நீச்சல் குளத்தோடு இருக்கும் தன் அடுக்குமாடிக்கே வரச் சொன்னார். போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் விளையாட இடம் தாராளம், வாசலில் செக்யூரிட்டி. ஆனால் குடிக்கக் கேன், மற்றதற்கு லாரித் தண்ணீர், அந்தச் செலவெல்லாம் மாதா மாதம் மெயின்டனன்ஸில் ஏறும். பால் பாக்கெட் தவிர எது வேண்டுமென்றாலும் போனில் ஆர்டர் போட வேண்டும், இல்லை கார் எடுக்க வேண்டும். அத்தைக்கு இரண்டும் வராது. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் கிண்டிக்குப் போய் வருவதே பாதி நாளைத் தின்றுவிடும். நண்பர் வீட்டில் இரண்டு கார், இருவருக்கும் சிறுசேரியில் வேலை. அவர்களுக்கு அது சொர்க்கம்தான்.

அன்று ஒன்று தெளிவாயிற்று. யாராவது ஒருவர் அலைந்துதான் ஆக வேண்டும் என்றால் அது நானாக இருக்கட்டும். பள்ளிக்கூடம், மளிகைக் கடை, காய்ச்சல் வந்தால் ஓடும் டாக்டர், இவ்வளவும் அத்தை நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். எனக்கு ஒரு ரயில் பாதை போதும். இப்படி முடிவு செய்ததும் தேடல் தானாகவே பீச்–தாம்பரம் மின்சார ரயில் பாதைக்கு வந்துவிட்டது. கிண்டி அந்தப் பாதையில்தான் இருக்கிறது. சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் பெட்ரோல் செலவு இல்லை. கணவர் வரும் நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும். பஸ்ஸில் வந்தாலும் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தில்தான் இறங்கியாக வேண்டும். தென் மாவட்டக்காரர்களுக்கு இப்போது சென்னை தாம்பரம் பக்கம்தான் தொடங்குகிறது.

முதலில் நங்கநல்லூர். ஊர் பிடித்துப் போனது. பழவந்தாங்கல் ஸ்டேஷன் கிட்டத்தில், நெருக்கமான தெருக்கள், சாயங்காலம் கோயிலுக்குப் போகும் கூட்டம், தனியாக நடக்கும் வயதானவர்கள். ஆனால் ‘சைவம் மட்டும்’ போர்டு தொங்காத வீடு கிடைப்பது கஷ்டமாக இருந்தது. வாரம் இரண்டு நாள் மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. போர்டு இல்லாத வீட்டிலும் சுற்றி வளைத்து, “நீங்க எந்தப் பக்கம்? என்ன ஆளுங்க?” என்று வரும். அதைத் தாண்டினால் அடுத்தது, “சார் கூட இருக்க மாட்டாரா?” ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்று எழுதி வைத்தவர்கள், மாமியாரும் மருமகளும் இரண்டு பிள்ளைகளும் வந்து நின்றால் அதைக் குடும்பம் என்று ஒத்துக்கொள்ளத் தயங்கினார்கள். ஒருவர் கணவரிடம் போனில் பேசிய பிறகும், “யோசிச்சுச் சொல்றோம்மா” என்றார். பிறகு அத்தையை முன்னால் நடக்கவிட்டு நான் பின்னால் போனேன். கேள்விகள் பாதியாகக் குறைந்தன. எரிச்சல்தான், ஆனால் வேலை நடந்தது.

அப்புறம் தண்ணீர். சென்னையில் வீடு தேடுபவர் 2015-இல் என்ன, 2019-இல் என்ன என்று இரண்டையும் கேட்க வேண்டும். முன்னது வெள்ளம், பின்னது வறட்சி. அந்த வறட்சியில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வெள்ளத்தை எல்லாரும் கேட்கிறார்கள், வறட்சியை மறந்துவிடுகிறார்கள். மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் பெரிய வீடே குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. அடையாறு பொங்கினால் அங்கே என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும். வேளச்சேரியை எனக்குச் சொன்ன அலுவலக நண்பரே, மழை எச்சரிக்கை வந்தால் அந்தப் பகுதிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்துவதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

குரோம்பேட்டைக்குக் கிழக்கே இருக்கும் சிட்லபாக்கமும் தண்ணீருக்குப் பேர் போனதுதான். சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால் சேம்பாக்கம் ஏரி, அப்படியே ஏரிக்கு ஏரி வழிந்து கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர வேண்டும். வழியில் அடைப்பு இருந்தால் தெருவில் நிற்கும். ஆனால் அங்கே சுற்றியபோதுதான், ஏரியாவைப் பார்த்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது, தெருத் தெருவாகப் பார்க்க வேண்டும் என்று புரிந்தது. ஒரு தெருவில் படகு போயிருக்கும், இரண்டு தெரு தள்ளி மேட்டில் இருப்பவர்கள் பால் வாங்க நடந்து போயிருப்பார்கள்.

வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. கண்ணால் பார்க்க வேண்டியவை வேறு. சாலை போட்டுப் போட்டு உயர்ந்ததில் வாசல் பள்ளமாகிவிட்டதா, காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் கறை ஓடுகிறதா, மீட்டர் பெட்டியைக் கழற்றி மேலே மாட்டியிருக்கிறார்களா என்று பார்த்தேன். பக்கத்து வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தால் அந்தத் தெரு தன் கதையைத் தானே சொல்லிவிட்டது என்று அர்த்தம். எல்லாவற்றையும்விட நம்பகமானவர் முனையில் நிற்கும் இஸ்திரி வண்டிக்காரர். ஒரு வீட்டுக்காரர், “எங்க தெருவுல தண்ணி நிக்கவே நிக்காது” என்று அடித்துச் சொன்னார். இஸ்திரிக்காரரிடம் கேட்டால், “ஆமாம்மா, நிக்காது. மூணாம் நாள் போயிடும்” என்றார். மிக்ஜாம் புயலுக்கு, அதாவது 2023 டிசம்பரில், தன் வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்று கேட்டேன். கை காட்டிய தெருவில்தான் வீடு தேட ஆரம்பித்தேன்.

பள்ளிக்கூடம் தனித் தலைவலி. அட்மிஷன் போட முகவரி கேட்பார்கள், பள்ளி உறுதியாகாமல் வீட்டுக்கு முன்பணம் கொடுக்க மனசு வராது. பெயர் பெற்ற சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் மே மாதம் போய் நின்றால் சிரிக்கிறார்கள், அங்கே விண்ணப்பமெல்லாம் முந்தின ஆண்டுக் கடைசியிலேயே முடிந்துவிடுகிறது. எங்கள் பிள்ளைகள் மாநிலப் பாடத்திட்டம் என்பதால் அரசு உதவி பெறும் பள்ளியில் இடம் கிடைத்தது. வெளியூரிலிருந்து வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டி.சி. கையில் இருந்தால் மட்டும் போதாது. பழைய பள்ளி, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பிள்ளையின் பெயரைத் தன் கணக்கிலிருந்து விடுவித்துக் காமன் பூல் என்னும் பொதுப் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். அதன் பிறகுதான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். கோடை விடுமுறையில் அந்த ஒரு க்ளிக்குக்கு ஆள் பிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

விடுமுறை விடும் முன்பே, ஏப்ரலில், பள்ளி விடும் நேரத்தில் வாசலில் போய் நின்று பார்த்திருந்தேன். வேன்கள் கொஞ்சம்தான். தாத்தா பாட்டிகள் கையில் தண்ணீர் பாட்டிலோடு, பிள்ளைகளின் பையைத் தாங்கள் மாட்டிக்கொண்டு நடந்து போனார்கள். அத்தையும் கூட இருந்தார். “ஏம்மா, இங்கன நானும் கூட்டிட்டு வந்துருவேன்லா” என்றார். விளம்பரத்தில் போடும் பூங்காவையும் ஜிம்மையும்விட எனக்கு அந்தச் சாயங்காலம்தான் நம்பிக்கை கொடுத்தது.

வீடு, ஒரு டு-லெட் போர்டைப் பார்த்துக் கிடைத்தது. புரோக்கர் கமிஷன் மிச்சம். வீட்டுக்காரர் மாடியில், நாங்கள் கீழே, நான்கு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைதான் என்கிறது. அதைச் சொன்னதும், “சட்டமெல்லாம் சரிம்மா” என்று சிரித்து ஐந்துக்கு இறங்கினார். வெள்ளையடிக்க அட்வான்ஸில் பிடிப்பது எவ்வளவு, கரண்டுக்கு யூனிட் என்ன விலை என்று இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினேன். பேச்சோடு விட்டால் காலி பண்ணும்போது அதுவே சண்டையாகும்.

குறை இல்லாமல் இல்லை. காலை ரயிலில் மகளிர் பெட்டியில் ஏறுவதற்கே தனித் திறமை வேண்டும். போர் தண்ணீரில் உப்பு, குடிக்க கேன்தான். கொசுவைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. முதல் மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் ஓடியது, இரண்டாவது படியோடு நின்று மறுநாளே வடிந்தது. இருந்தாலும் வீட்டுக்காரரின் மாடிப் போர்ஷனில் ஒன்று காலியானால் எங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அத்தைக்கு மூட்டு வலி, அவர் மாடி வேண்டாம் என்கிறார். அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.