பார்த்துக்கலாம்

"அண்ணா, ஜீப்புல பின்னாடி வலது பக்கம் சத்தம் வருது."

புதன்கிழமை ராத்திரி எங்கள் மெக்கானிக் தம்பி இதைச் சொன்னபோது எங்கள் ரேலி கார் எஸ்டீமின் என்ஜின் ஹெட் கழற்றி மேசை மேல் கிடந்தது. அதன் வளைவை அளக்க நான் ஸ்ட்ரெயிட் எட்ஜையும் ஃபீலர் கேஜையும் வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி காரை ட்ரெய்லரில் ஏற்றி, ஜீப்பில் இழுத்துக்கொண்டு, ரேலிக்காகக் கோயம்புத்தூருக்குக் கிளம்பியாக வேண்டும். "வந்து பார்த்துக்கலாம் தம்பி" என்றேன்.

அவன் சரி என்று போய்விட்டான். பேச்சு அவ்வளவுதான். ஒன்றரை வருஷம் ஆகிறது, இன்னும் அந்த ஒரு வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

யோசிக்காமல் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. அரை மணி நேரம் கழித்து நானே எழுந்து போய் ஜீப்பை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஸ்க்ரூ டிரைவரின் முனையை அச்சில் வைத்துப் பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். மணலை அரைப்பது போல மெல்லிய சத்தம். பேரிங்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் பார்க்கும் வேலையே இதுதான். மெயின்டனன்ஸ். எந்த மோட்டாரில் எந்த பேரிங் எப்போது போகும் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். மெஷினில் இந்தச் சத்தம் கேட்டால் சிவப்புச் சீட்டு மாட்டி நிறுத்துவேன், மேலிருந்து யார் சத்தம் போட்டாலும் எடுக்க மாட்டேன்.

ஆனால் எல்லா பேரிங்கும் சத்தம் வந்த மறுநாளே போய்விடாது. வாரக்கணக்கில் ஓடும், மாதக்கணக்கிலும் ஓடும், நானே பார்த்திருக்கிறேன். ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். பின்னால் ட்ரெய்லரும் அதன்மேல் காரும் உட்காரப்போகிற பாரத்தை அந்தக் கணக்கில் சேர்த்தேனா? சேர்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். இப்போது உறுதியாகச் சொல்ல வரவில்லை.

காசும் இல்லை, நேரமும் இல்லை. ஹெட்டில் 0.05 மில்லிமீட்டர் வரைதான் வளைவு இருக்கலாம். எங்களுடையதில் ஃபீலர் கேஜின் 0.12 தகடு தாராளமாக நுழைந்தது. அலுமினியம் ஹெட், ஒருமுறை நன்றாகச் சூடேறிவிட்டால் அப்படித்தான். வியாழக்கிழமை லேத் பட்டறைக்குக் கொடுத்து ஃபேசிங் போட்டுச் சமப்படுத்தினோம். ஜி.பி. ரோட்டில் புது கேஸ்கெட், புதுப்பேட்டையில் பழைய டிரைவ் ஷாஃப்ட் ஒன்று ஸ்பேராக. வெள்ளிக்கிழமை பெர்மிஷன் போட்டு வந்து ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று தவணையில் இறுக்கினேன். அதை மட்டும் யாரிடமும் விட மாட்டேன். ஆனால் ஹெட் போன அதே பட்டறையில் பேரிங்கை அழுத்திக் கழற்றி மாட்டுகிற பிரஸ்ஸும் இருந்தது. ஜீப்பின் அச்சையும் கூடவே கொண்டுபோயிருந்தால் அரை நாளில் பேரிங் மாறியிருக்கும். அந்த அரை நாளை நான் காருக்குக் கொடுத்தேன்.

கள்ளக்குறிச்சி பைபாஸ் தாண்டி, ராத்திரி மூன்று மணி. முதலில் வாசனைதான் வந்தது, கிரீஸ் கருகுகிற வாசனை. நிறுத்தி இறங்கினோம். தம்பி வாட்டர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரைச் சக்கரத்தின் நடுவில் ஹப்பின் மேல் தெளித்தான். 'சுர்' என்று ஆவியாகப் போனது. சக்கரம் லேசாக உள்பக்கம் சாய்ந்திருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காலை 9 மணிக்கு ஸ்க்ரூட்டினி, அதாவது ரேலிக்கு முன்னால் காரைப் பரிசோதிப்பது. கார் உருண்டால் காப்பாற்றுகிற ரோல் கேஜ், பெல்ட், ஹெல்மெட், தீயணைப்பான் எல்லாம் காட்டி ஸ்டிக்கர் வாங்காவிட்டால் ஸ்டார்ட் கிடையாது. நுழைவுக் கட்டணமும் திரும்ப வராது. அங்கிருந்து கோயம்புத்தூர் இன்னும் இருநூற்று ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். காரை ட்ரெய்லரிலிருந்து இறக்கி ஓட்டிக்கொண்டே போய்விடலாம் என்று டிரைவர் சொன்னார். ரெஜிஸ்ட்ரேஷன் உள்ள கார்தானே. புதுப்பேட்டையில் ஒரு பெரியவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சோழவரம் காலத்தில் பலர் அப்படித்தானாம். வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு போய், அந்தப் பழைய போர்க்கால ரன்வேயில் ரேஸ் ஓட்டி, அதே வண்டியில் வீடு திரும்புவார்களாம். இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வருவதற்கெல்லாம் முன்னால். ரோட்டோரத்தில் நின்றபோது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வந்தது. தெம்பாகவும் இருந்தது.

ரேலி காரில் இரண்டே சீட். பின்சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் கேஜின் குழாய்கள். டிரைவர் போக வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிற நேவிகேட்டர் போக வேண்டும். நேவிகேட்டர் நான்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பியே சொன்னான்: "நீங்க போங்கண்ணா, நான் பாத்துக்கறேன்."

இதைத்தான் எத்தனை விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். அம்மா சமையலறையிலிருந்து சொல்கிற "பாத்துக்கறேன்" இருக்கிறது, கோபித்துக்கொண்டவர் சொல்கிற "நான் பாத்துக்கறேன், நீ போ" இருக்கிறது. இருபத்திரண்டு வயதுப் பையன் சம்பளமில்லாமல், சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் ஆசைக்கும் எங்களோடு வருகிறவன், வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அவன் உண்மையாகவே விரும்பித்தான் சொன்னான் என்று சில நாள் தோன்றும். ரேலி என்றால் அவனுக்கு என்னைவிட உயிர். சில நாள், நான் கேட்கப்போவது தெரிந்து, கேட்கும் சங்கடம் எனக்கு வேண்டாமென்று முந்திக்கொண்டான் என்று தோன்றும்.

பையில் இருந்த இரண்டாயிரத்தைக் கொடுத்தேன். எஸ்டீம் கிளம்பியபோது ரியர் வியூ கண்ணாடியில் ஜீப்பின் இண்டிகேட்டர்கள் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தன. வழி முழுக்க டெம்பரேச்சர் முள்ளைத்தான் பார்த்தேன், அது நடுவிலிருந்து நகரவில்லை. ஹெட்டை நல்லபடியாகத்தான் போட்டிருக்கிறோம் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தையும் மறைக்கக் கூடாது.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜீப் ட்ரெய்லரோடு வந்து நின்றது. அச்சைக் கழற்றித் தோளில் போட்டு பஸ் ஏறி ஆத்தூர் போயிருக்கிறான். லேத்தில் பேரிங் மாற்றித் திரும்பி வரும்வரை ஜீப்பைப் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டாராம். பில்லையும் மீதி 140 ரூபாயையும் கொடுத்தான். அப்புறம் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பழைய பேரிங்கின் வெளிவளையம். ஓடுபாதை முழுக்க நீலம் பாரித்து, ஓரிடத்தில் நகம் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. "நீங்க பார்ப்பீங்கன்னு எடுத்து வெச்சேன்ணா."

உடைந்த பாகத்தைத் தூக்கிப் போடாதே, கொண்டுவந்து காட்டு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அதனால்தான் கொண்டுவந்தான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் சர்வீஸில் வலது டிரைவ் ஷாஃப்ட்டைத் தனியாளாக மாற்றினான். சர்வீஸுக்குக் கொடுத்த நேரத்தைவிட 4 நிமிஷம் தாமதமாக வெளியே வந்தோம். நிமிஷத்துக்கு 10 வினாடி வீதம் 40 வினாடி பெனால்ட்டி. பெரிய டீம்களின் கார்களே சில காட்டுக்குள் நின்றுபோன ரேலியில், நாங்கள் கடைசி வரை ஓட்டி முடித்தோம். விட்டுவிட்டுப் போனது சரியான முடிவு என்று எல்லோரும் சொன்னார்கள். கணக்குப்படி சரிதான். போகாமல் இருந்திருந்தால் அவனுக்குத்தான் முதலில் அழுகை வந்திருக்கும். ஆனால் அந்த இருட்டில் லாரிகள் போகிற ரோட்டோரம், ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கடியில் அவன் தனியாகப் படுத்திருந்தான். பேக்டரியில் யாரையாவது அப்படித் தனியாக விட்டிருந்தால், அன்றே நான் மெமோ கொடுத்திருப்பேன்.

வளையம் என் ஆபீஸ் டிராயரில் இருக்கிறது. இதையெல்லாம் அவனிடம் நேராகப் பேசியிருக்கலாம். ஒருமுறை ஆரம்பித்தேன், "அதை விடுங்கண்ணா" என்று சிரித்தான்.

அவன் இன்னும் எங்களோடுதான் இருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குப் போனபோது, ஜீப்பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் யூ ஜாயிண்ட் புதிதாகப் போட்டிருந்தது. பில்லை நீட்டினான். சத்தம் எவ்வளவு நாளாக வந்தது என்று கேட்டேன்.

"ஒரு வாரமா வந்துதுண்ணா. மாத்திட்டுச் சொல்லலாம்னு விட்டேன்."

அந்த வாரம் இரண்டு நாள் அந்த ஜீப்பை ஓட்டியது நான். எனக்கு எதுவும் கேட்கவில்லை.