சிப்ஸ் படத்தின் நடுவில் ஒரு சிவப்புப் பட்டை

கொழிஞ்சாம்பாறையில் நேந்திரம் சிப்ஸ் வியாபாரம் பண்ணும் மாமா ஒருவருக்கு வெப்சைட் செய்துகொண்டிருக்கிறேன். கோயமுத்தூர்க்காரர்களும் வாங்குவார்கள், பாலக்காட்டுக்காரர்களும் வாங்குவார்கள். அதனால் தமிழ், மலையாளம் இரண்டும் உண்டு. பாதி முடிந்ததைப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, 'புதுசு'ங்கற பட்டை படத்து நடுவுல உக்காந்திருக்குது?" என்றார். நல்ல கேள்வி.

பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில், படத்தைச் சுற்றியுள்ள பெட்டிக்கு டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ், அதாவது உள்ளிருப்பவற்றை வரிசையாக அடுக்கும் முறை. பக்கவாட்டில் நிறுத்தும் ஜஸ்டிஃபை கன்டென்ட், மேல்கீழாக நிறுத்தும் அலைன் ஐட்டம்ஸ் இரண்டும் சென்டர். பட்டைக்கு, வரிசையிலிருந்து பிரித்தெடுக்கும் பொசிஷன் அப்சல்யூட் மட்டும்தான், மேலிருந்தும் வலமிருந்தும் எவ்வளவு தள்ளி என்று சொல்லும் டாப், ரைட் எதுவும் இன்னும் எழுதவில்லை. அப்சல்யூட் ஆனதும் அது பந்தியை விட்டு எழுந்துவிட்ட ஆள்: வரிசையில் இடைவெளி விடும் கேப் அதற்கு இடம் விடாது, மிச்ச இடத்தை நிரப்பச் சொல்லும் ஃப்ளெக்ஸ் க்ரோ எத்தனை கொடுத்தாலும் அகலமாகாது. ஆனால் எங்கே நிற்பது என்பதை மட்டும் பெட்டியிடமே கேட்கும். பெட்டிக்குள் தான் ஒருவனே இருப்பதுபோல் வைத்து இடம் கணக்காகும். அதனால்தான் நடுவில் நின்றது. ஃப்ளெக்ஸ் விதிகளின் பழைய வரைவில் இப்படியில்லை, விட்டுப்போன இடத்தில் அளவேயில்லாத ஒரு ஆவி நின்று, வரிசையில் சம இடைவெளி விடும் ஸ்பேஸ் பிட்வீனைக் கெடுக்கும். குரோம் 2016-ல் இன்றைய முறைக்கு வந்தது.

'புதுசு'க்கு டாப் 0, ரைட் 0. அந்தத் தூரத்தைப் பெட்டியின் விளிம்பிலிருந்து அளக்க, பெட்டிக்குப் பொசிஷன் ரிலேட்டிவும் வேண்டும். ஃப்ளெக்ஸ் என்பதாலேயே பெட்டி எல்லையாகிவிடாது. இல்லாவிட்டால் எல்லாச் சரக்கின் பட்டையும் பக்கத்தின் மூலைக்குப் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

'ஸ்டாக் தீர்ந்தது' பட்டைக்கோ அந்த நடு இடமே எனக்குப் பிடித்திருந்தது, விட்டுவிட்டேன். பலரும் லெஃப்ட் 50% கொடுத்துப் பட்டையின் இடது விளிம்பைப் பெட்டி நடுவில் வைத்து, பிறகு டிரான்ஸ்ஃபார்மில் பட்டையின் அகலத்தில் பாதி பின்னால் இழுப்பது என்று எழுதுவார்கள். அப்படிச் செய்தால் பட்டைக்குக் கிடைக்கும் அகலமே பெட்டியில் பாதிதான். தமிழ் எப்படியோ அடங்கும், நீளமான மலையாள வாசகம் தேவையில்லாமல் இரண்டு வரியாக மடியும். பெட்டியின் சென்டரை நம்பினால் இந்த வம்பில்லை. பட்டை மட்டும் மேலே போகவேண்டுமென்றால் அதற்கே அலைன் செல்ஃப் ஃப்ளெக்ஸ் ஸ்டார்ட் கொடுக்கலாம், அப்சல்யூட் ஆனாலும் கேட்கும். பக்கவாட்டுக்கு அந்த வசதியில்லை என்பதுதான் எரிச்சல்.

இப்போது மாமா, தீர்ந்த சரக்கின் படத்தை மங்கலாக்கச் சொல்கிறார். ஃபில்டரைப் பெட்டிக்குப் போட்டால் பட்டையும் சேர்ந்து மங்கும். படத்துக்கு மட்டும் போட்டிருக்கிறேன்.